வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வாங்கும் முன்

தையல் மெஷின் கடைக்குப் போகும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எத்தனை டிசைன் போடலாம்?" என்பது. விற்பனையாளரும் மெஷினின் முகப்பில் அச்சிட்டிருக்கும் படங்களைத் தொட்டுக் காட்டி, இதில் 14, அதில் 21 என்று ஏற்றிக்கொண்டே போவார். எண்ணிக்கை ஏற ஏற விலையும் ஏறும். வாங்கி வந்த பிறகு அந்த அலங்காரத் தையல்களில் பெரும்பாலானவை ஒரு கைக்குட்டையில் போட்டுப் பார்ப்பதோடு சரி. வீட்டில் தைக்கிறவருக்கு வேண்டியவை நேர்த் தையல், ஜிக்ஜாக், பொத்தான் துளை. இந்த மூன்றும் சுத்தமாக விழுந்தால் முதல் மெஷினுக்கு அதுவே நிறைவு.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியது, ஊசிக்கு அடியில் என்ன துணி வரப்போகிறது என்பதைத்தான். பிளவுஸ், பாவாடை, தலையணை உறை, ஜன்னல் திரை, மஞ்சப்பை: இவற்றுக்கு நேர்த் தையலே போதும். அக்கம்பக்கத்தாருக்கும் தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணமும் இருந்தால், கறுப்பு நிறக் கால் மெஷினை விஞ்ச ஒன்றுமில்லை. வார்ப்பிரும்பு உடம்பு, நாள் முழுக்க ஓட்டினாலும் சூடேறாது, மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின்கள் உருவாகத் தொடங்கிய காலத்திலிருந்து இதன் அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் சின்ன ஊர்க் கடைவீதியில்கூட உதிரி பாகம் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆளும் கிடைக்கிறார். எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் பேசியபோது விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. அந்த ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும்தான் பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள்.

வீட்டில் பாட்டி காலத்து மெஷின் ஒன்று போர்வை மூடிக் கிடந்தால், புதியது வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தக் காலத்தில் இங்கே வந்த சிங்கர் மெஷின்களில் பல ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. 1885இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது; மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. பெல்ட் மாற்றி, துரு நீக்கி, எண்ணெய் விட்டு வாங்கினால் ஒரு புது மெஷின் விலையில் சிறு பங்குதான் செலவாகும். சொந்தமாக வாங்க வழியில்லாதவர்கள் சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்களுக்கான திட்டம் அது. வயது, வருமான வரம்புகள் உண்டு. தையல் தெரியும் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள்.

கறுப்பு மெஷினுக்கு ஒரு குறை உண்டு. ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும், பக்கவாட்டில் நகராது. டி-ஷர்ட், லெக்கின்ஸ் போல இழுபடும் துணியில் நேர்த் தையல் போட்டால், துணி நீளும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். குழந்தைகளுக்கு உடுப்பு, ஒட்டுத்துணி வேலை, துணிப் பொம்மை, கைப்பை, பழைய சேலையில் மெத்தை விரிப்பு என்று கைவேலையில் ஆசை உள்ளவர்கள் ஊசி பக்கவாட்டிலும் நகரும், மோட்டார் வைத்த ஜிக்ஜாக் மெஷினுக்குப் போகலாம். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயை ஒட்டியே நல்ல மாடல்கள் கிடைக்கின்றன. அடித்தட்டைக் கழற்றினால் குழாய் போல மெலிந்த கை ஒன்று வெளிப்படும்; சட்டைக் கையையும் பேன்ட் காலையும் அதில் நுழைத்துச் சுற்றித் தைக்கலாம். துணியை நகர்த்தும் பல்லை இறக்கும் வசதி இருந்தால், துணியை நம் விருப்பப்படி திருப்பிக் கோலம் போடுவதுபோல் பூவேலை செய்யலாம். கைவேலைக்காரருக்கு இந்த இரண்டும் 21 டிசைனைவிடப் பெரிது. திரையும் பட்டனுமாக வரும் கம்ப்யூட்டர் மெஷின் முதல் மெஷினாக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போர்டு பழுதானால் உள்ளூர் மெக்கானிக் கைவிரித்துவிடுவார்.

ஸ்டேப்ளர் அளவில் கைக்குள் அடங்கும் மெஷின்களின் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவை ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுபவை. அரிசி மூட்டையின் வாய்த் தையலை நுனி பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்து வருமே, அதே தையல். மூட்டைக்கு அது வசதி, பிளவுஸுக்கு ஆபத்து. இன்னொரு பக்கம், திருப்பூர்க் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின் பழைய விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்களும் உண்டு. நிமிடத்துக்கு 5,000 தையல் வரை ஓடக்கூடிய மெஷின் அது. கை பழகாதவருக்கு வேண்டாம்.

புதிதாகத் தைப்பவரை மெஷினைவிட்டே விரட்டும் கோளாறு ஒன்று இருக்கிறது. நாலு அங்குலம் தைப்பதற்குள் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிக்கொள்ளும், ஊசி சிக்கி நின்றுவிடும். சிக்கல் கீழே தெரிவதால் எல்லோரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பாபின் கேஸின் திருகைத் திருகி, இருந்ததையும் கெடுத்துக்கொள்வார்கள். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். ஊசி கொண்டுவரும் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷின் போட்டதும் இந்தப் பூட்டுத் தையலைத்தான். மேல் நூல் தளர்ந்தால் பூட்டு நடுவில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். நூல் கோர்க்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வையுங்கள். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்து அதை உள்ளே வாங்கும். ஃபுட் இறங்கியிருந்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே தங்கிவிடும், பிறகு எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. பிரித்து, ஃபுட்டைத் தூக்கி, மறுபடி கோர்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மெஷினோடு சேர்த்து ஊசிகளையும் வாங்கிவிடுங்கள். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11, பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. இழுபடும் துணிக்கு முனை மழுங்கிய ஊசி தனியாக உண்டு. எண்ணெய் விடச் சொல்லும் மெஷின் என்றால் மெஷின் ஆயில் மட்டுமே விட வேண்டும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது நாளாக நாளாகப் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும்.

கடைக்குப் போகும்போது கையோடு ஒரு துண்டு லைனிங் துணி, ஒரு பழைய டி-ஷர்ட், ஒரு ஜீன்ஸ் கால் கொண்டுபோங்கள். விற்பனையாளர் விறைப்பான காடாத் துணியில் தைத்துக் காட்டுவார். அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நீங்களே நூல் கோர்த்து, பாபினைக் கழற்றி மாட்டி, உங்கள் துணிகளில் தைத்துப் பாருங்கள். ஜீன்ஸை நாலாக மடித்து ஓட்டுங்கள். பெடலை மெல்ல அழுத்தினால் மெஷின் மெல்லத் தொடங்க வேண்டும், தாவி ஓடக் கூடாது. ரிப்பேர் என்றால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உட்கார்ந்து தைத்துப் பார்க்க விடாத கடையில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.