காதுக்கருவியும் ஒலியின் தரமும்

‘இயர்பட்’ எனப்படும் கம்பியில்லாக் காதுக்கருவி இன்று நம் கிராமங்களிலும் புழக்கத்திற்கு வந்துள்ளது. விலை மிகுந்த கருவியில்தான் ஒலி நன்றாக இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். அன்றாடம் பாட்டும் செய்தியும் கேட்போரைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுதும் சரியன்று.

கைப்பேசியிலிருந்து ‘புளூடூத்’ வழியே வரும் ஒலி, சுருக்கப்பட்டே கருவியை அடைகிறது. இதனால் நேரும் குறை சிறிதே. பெரும்பாலோர் செவிக்கு அது புலப்படுவதில்லை. பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. கருவியின் சிலிக்கான் முனை காதுத் துளையில் சரியாகப் பொருந்தாவிடில், தவில், மிருதங்கம் ஆகியவற்றின் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும். பேருந்தின் இரைச்சல் உள்ளே புகும். பாட்டு சாரமற்றுத் தோன்றவே, நாம் ஒலியைக் கூட்டுகிறோம். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் ஆயின் 4 மணி நேரமே தகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் உண்டாவதில்லை.

ஆகவே, கருவியுடன் வரும் பல அளவு முனைகளையும் ஒவ்வொரு காதிலும் பொருத்திப் பார்த்துத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். ஒலி வரும் வலையில் படியும் குறும்பியை உலர்ந்த மென்துணியால் துடைத்தல் அவசியம். சாலையில் செல்கையில் வண்டியோசை கேளாதாகையால், கருவியைக் கழற்றிவிடுதலே நன்று. குறைந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்பதே நல்ல கருவிக்கு அடையாளம் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.