பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் தலைமைத்துவப் பயிற்சி (இலங்கை)

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவான மாணவர்கள், வகுப்புகள் தொடங்குமுன் மூன்று வாரம் இராணுவ முகாம்களில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும் என 2011இல் ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. இதுவே தலைமைத்துவப் பயிற்சி என்று அழைக்கப்பட்டது. மகிந்த ராஜபக்ச ஆட்சியில், எஸ். பி. திசாநாயக்க உயர்கல்வி அமைச்சராக இருந்தபோது, உயர்கல்வி அமைச்சும் பாதுகாப்புத் தரப்பும் இணைந்து இதனை நடத்தின. 2015இல் ஆட்சி மாறிய பின்னர் இது கைவிடப்பட்டது.

பின்னணி

1971இலும் 1987–89 காலத்திலும் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய இரு கிளர்ச்சிகளிலும் பல்கலைக்கழக மாணவர்களின் பங்கு பெரிது. அதனால் மாணவர் சங்கங்களை ஐயத்துடன் பார்ப்பது இலங்கை அரசுகளுக்கு வழக்கமாகிவிட்டது. வேலைநிறுத்தம், வகுப்புப் பகிஷ்கரிப்பு, பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடப்படுதல் ஆகியவை ஒருபுறம் இருந்தன. பகிடிவதை மறுபுறம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பகிடிவதை ஓயவில்லை.

பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் அரச நியமனத்துக்காகத் தெருவில் இறங்கும் பட்டதாரிகளின் நிலையையும் அரசு எடுத்துக்காட்டியது. கூச்சம் நீங்கல், குழுவாக இயங்கல், நேர ஒழுங்கு போன்ற பழக்கங்கள் புதியவர்களுக்கு முன்கூட்டியே தரப்பட வேண்டும் என்பது அதன் வாதம். குறைகள் உண்மையானவையே. அவற்றைத் தீர்க்கும் இடம் இராணுவ முகாமா என்பதில்தான் சர்ச்சை எழுந்தது.

பயிற்சி நடந்த விதம்

2010இல் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதித் தெரிவானவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். இவர்களில் முதல் தொகுதியாகச் சுமார் 10,000 பேருக்கு 2011 மே 23இல் நாடெங்கும் 28 நிலையங்களில் பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கூட மாணவர் படையணியின் ரன்தம்பை நிலையம் இவ்வகைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. விடியற்காலை உடற்பயிற்சியுடன் நாள் ஆரம்பிக்கும். பின்னர் நடத்தை ஒழுங்கு, குழு வேலை, பிணக்குத் தீர்த்தல், வரலாறும் தேசிய மரபுரிமையும் முதலிய பாடங்கள் நடக்கும்.

வரலாற்றுப் பாடமே அதிகம் விமரிசிக்கப்பட்டது. அது பெரும்பான்மை இனத்தின் பண்பாட்டுச் சின்னங்களை மட்டுமே முன்வைப்பதாகவும், பல இன மாணவர்கள் ஒன்றாக அமரும் வகுப்புக்கு அது பொருந்தாது எனவும் கல்வியாளர்களும் பொதுவாழ்வினரும் அடங்கிய வெள்ளிக்கிழமை மன்றம் சுட்டிக்காட்டியது. பாடத்திட்டத்தை வகுப்பதில் பல்கலைக்கழகங்களுக்கு என்ன பங்கு இருந்தது என்ற கேள்வியும் எழுந்தது. விரிவுரையாளர் செய்யவேண்டிய வேலையைப் படை அதிகாரி செய்தால், பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி எங்கே நிற்கும்?

தமிழ் மாணவர்களுக்கு இது வேறு கனமும் உடையதாயிற்று. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவசரகாலச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. 2011 ஆகஸ்ட் முடிவில்தான் அது காலாவதியானது. வன்னியிலிருந்து வந்த பிள்ளைக்கு ‘முகாம்’ என்ற சொல் முதலில் நினைவூட்டியது செட்டிகுளம் மெனிக் பாம் இடைத்தங்கல் முகாமையும், முன்னாள் போராளிகள் வைக்கப்பட்டிருந்த புனர்வாழ்வு முகாம்களையும்தான். அதே சீருடையினரிடம் தலைமைத்துவம் கற்க வேண்டும் என்ற அழைப்பு அந்த வீடுகளில் எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பும் வழக்கும்

அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியம் உள்ளிட்ட மாணவர் அமைப்புகள் எதிர்த்தன. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களும் தாக்கலாயின. 2011 ஜூன் தொடக்கத்தில் அவை முழு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படாமலேயே தள்ளுபடியாகின. அந்த ஆண்டே பயிற்சிக்குச் சென்ற மாணவி ஒருவர் உயிரிழந்தார். உடல்நிலை வேறுபட்ட ஆயிரக்கணக்கானோரை ஒரே அட்டவணையில் ஓடவிடுவது சரியா என்ற கேள்வி அப்போது வலுத்தது.

பயிற்சியை வரவேற்ற பெற்றோரும் இருந்தனர். வெவ்வேறு மாவட்டப் பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கிப் பழகியது நல்லதே. ஆனால் பல்கலைக்கழக அனுமதி என்பது கடும் போட்டியில் பெற்ற புள்ளிகளால் கிடைத்த உரிமை. அதற்கு முன்னால் முகாம் ஒன்றை நிறுத்தும்போது, மறுத்தால் இடம் போய்விடுமோ என்ற பயமே மாணவரை அங்கே கொண்டுசேர்க்கும். அப்படி வந்தவர் கற்பது பெரும்பாலும் பணிதலே. தானாக முன்வந்து பொறுப்பேற்கும் பழக்கம் அதில் வளர்வது அரிது.

இலங்கைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் படையணி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. விரும்பியவர் சேர்வதே அதன் வழக்கம்; அதன்மீது இத்தகைய எதிர்ப்பு எழவில்லை. இந்தியாவில் சீனப் போரை அடுத்து 1963இல் கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில், 1968இல், அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது.

பிற்காலம்

இத்திட்டத்தை அடுத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் படையினர் பயிற்சியளித்து இராணுவப் பதவிநிலை வழங்கினர். 2015க்குப் பின்னர் மாணவர் பயிற்சி நின்றாலும் எண்ணம் மறையவில்லை. 2021இல் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சராக இருந்த சரத் வீரசேகர, 18 வயதைக் கடந்த அனைவருக்கும் இராணுவப் பயிற்சி தேவை என்ற யோசனையை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை.