பதினாறாம் தேதி பதினைந்தாவது எப்படி?

காரைக்கால் வட்டாரத்தில் 1962 ஆகஸ்ட் 16 சாதாரணத் தேதி அல்ல. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைக்க 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று காரைக்காலின் வரிச்சிக்குடியில் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். இந்திய நேரத்தில் ஓடும் கணினியில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ‘டேட்’ ஆப்ஜெக்ட்டுக்கு ஆண்டு, மாதம், நாளைச் சரியாகக் கொடுத்து, ‘டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ கொண்டு எழுத்தாக மாற்றினால் வருவது 1962-08-15, மணி 18:30. நம் நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி முந்தைய நாள் மாலை ஆறரை. மணியை நறுக்கிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால், சட்டப்படி பிரெஞ்சு மண்ணாக இருந்த கடைசி நாளில் அவர் பிறந்ததாகிவிடும்.

இதைக் கணினியின் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆப்ஜெக்ட் என்பது தகவலும் அதைக் கையாளும் வழிகளும் சேர்ந்த பொதி. நினைவகத்தில் அதற்கென்று ஒரு எழுத்து வடிவம் கிடையாது. யாராவது கேட்கும்போதுதான் ‘ஸ்ட்ரிங்’ என்னும் எழுத்து வடிவம் உருவாகிறது. ஆகவே யார் படிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது நிரல் எழுதுபவரின் பொறுப்பு என்பேன். அவர் முடிவுசெய்யாவிட்டால் ஜாவா மொழியின் ‘டூஸ்ட்ரிங்’, அந்த ஆப்ஜெக்ட்டின் வகுப்பு (கிளாஸ்) பெயரையும், பின்னால் ஒரு ‘அட்’ குறியையும், யாருக்கும் புரியாத சில எண்ணெழுத்துகளையும் நீட்டும். பைத்தான் மொழி இதை உணர்ந்து இரண்டு வழி வைத்திருக்கிறது: பயனருக்கு ‘ஸ்ட்ர்’, நிரலருக்கு ‘ரெப்ர்’. படிப்பவர் யார் என்று பாராமல் எழுதினால் குழப்பமும் வரும்: ஜாவாவின் பழைய ‘டேட்’ நம் நேரத்தை ‘ஐஎஸ்டி’ என்று அச்சிடும். இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்றெழுத்தைத் தங்களுடையது என்கின்றன!

உள்ளே இருப்பதையெல்லாம் அப்படியே கொட்டிவிட்டால் வேலை முடிந்ததே என்பார்கள். ஜாவாவின் ‘ரெக்கார்ட்’ வகை அதைத் தானாகவே செய்கிறது. பிழை தேடும்போது வசதிதான். ஆனால் அந்த ஆப்ஜெக்ட்டில் கடவுச்சொல்லோ ஆதார் எண்ணோ இருந்தால், அதுவும் பதிவுக் கோப்பில் போய் உட்காரும். தேதியை எப்போதும் உலகப் பொது நேரத்தில் எழுதுவதே ஒழுங்கு என்ற வாதமும் உண்டு. ரயில் புறப்பட்ட நேரத்துக்கும் பணம் மாறிய நேரத்துக்கும் அது பொருந்தும். அவை ஒரு கணத்தைச் சுட்டுபவை. பிறந்த தேதி கணம் அல்ல, நாட்காட்டியில் ஒரு கட்டம். அதற்கென்றே 2014-இல் வந்த ஜாவா 8-இல் ‘லோக்கல்டேட்’ இருக்கிறது. அதில் நேர மண்டலமே கிடையாது. அதன் ‘டூஸ்ட்ரிங்’ எந்த ஊரில் ஓடினாலும் 1962-08-16 என்றுதான் எழுதும்.