ஆம்புலன்ஸ் வேலை: கடிதத்தில் உள்ள தொகையும் கைக்கு வரும் தொகையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டுப் படுக்கப் போனேன். அப்போது சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்று அவனுக்குக் கொடுத்திருந்த வேலை நியமனக் கடிதம். கீழே ஒரே வரி: “அண்ணா, 2,750 வெள்ளி! கையெழுத்துப் போடவா?”

“போடாதே. சாயங்காலம் தேக்காவுக்கு வா” என்று பதில் எழுதிவிட்டுத் தூங்கினேன்.

தம்பிக்கு 22 வயது. தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் செய்தவன். அங்கேதான் இஎம்டி எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றான். நானும் அதே பாதையில் வந்து, ஏழு ஆண்டுகளாகத் தனியார் ஆம்புலன்சில் வேலை பார்க்கிறேன். அவனுக்கு அப்பா இல்லை. சித்தி துப்புரவு வேலை செய்து அவனையும் தங்கையையும் வளர்த்தார். மகன் சம்பாதிக்கத் தொடங்கினால் இரண்டு வேலையில் ஒன்றை விட்டுவிடலாம் என்று சித்தி நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் அந்த 2,750 வெள்ளி எங்கள் குடும்பத்துக்கு லேசான விஷயம் இல்லை.

உணவங்காடியில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு கடிதத்தை வரிவரியாகப் படித்தோம். அடிப்படைச் சம்பளம் 2,100. ஷிப்ட் படி 300. போக்குவரத்துப் படி 150. மாதம் முழுக்க விடுப்பு எடுக்காமல் வந்தால் வருகைப் படி 200. எல்லாம் கூட்டினால் 2,750.

“இதில் மத்திய சேம நிதிக்கு எவ்வளவு போகும்?” என்று கேட்டேன். விழித்தான். தேசிய சேவையில் கிடைத்தது படித்தொகை என்பதால் பிடித்தம் எதையும் அவன் பார்த்ததில்லை. ஊழியரின் பங்கு 20 விழுக்காடு, அதாவது 550 வெள்ளி. கைக்கு வருவது 2,200. முதலாளி தம் பங்குக்கு 17 விழுக்காடு போடுவார். அதுவும் உன் பணம்தான், ஆனால் மாதக் கடைசியில் அரிசி வாங்க உதவாது என்றேன்.

அடுத்தது ஓவர்டைம். நம் வேலைச் சட்டப்படி ஒரு மணி நேரக் கூலியை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், படிகளைச் சேர்ப்பதில்லை. மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்ற கணக்கில் வகுக்க வேண்டும். 2,100 வெள்ளிக்கு மணிக்கு 11.01 வெள்ளி வரும். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, 16.52.

தம்பியின் நண்பனுக்கு வேறொரு நிறுவனத்தில் அடிப்படைச் சம்பளம் 2,500, படி எதுவும் கிடையாது. “அவனைவிட எனக்கு 250 அதிகம்” என்று இவன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். காகிதக் கைத்துடைப்பானில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இருவரும் மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால், பிடித்தத்துக்கு முன் தம்பிக்குச் சுமார் 3,411 வெள்ளி, நண்பனுக்குச் சுமார் 3,287. தம்பிதான் முன்னால் நிற்கிறான். ஆனால் அவன் ஒரே ஒரு நாள் எம்சி எடுத்தால் வருகைப் படி 200 போய்விடும். அப்போது 3,211. நண்பன் முந்திவிடுகிறான். 13ஆவது மாதச் சம்பளத்தையும் போனசையும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே தருவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல, நானே பட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, லிஃப்ட் நிற்காத ஒரு மாடியிலிருந்து நோயாளியைப் படிக்கட்டு நாற்காலியில் இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் நான்கு நாள் எம்சி கொடுத்தார். வேலை செய்யும்போது வந்த வலிக்கு, அந்த மாத வருகைப் படியை முழுதாக வெட்டிவிட்டார்கள். கேட்டால், கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். இருந்தது. சேர்ந்தபோது நானும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

12 மணி நேர ஷிப்ட்

பல ஆம்புலன்ஸ் நிறுவனங்களில் 12 மணி நேர ஷிப்ட்தான். அதனாலேயே ஓவர்டைம் வந்துவிடும் என்று புதியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஷிப்ட் ஊழியர்களை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஆனால் தொடர்ந்து மூன்று வாரங்களின் சராசரி, வாரத்துக்கு 44 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மூன்று வாரத்துக்கு 132 மணி நேரம், அதாவது 11 ஷிப்ட். அதற்கு மேல் வருவதுதான் ஓவர்டைம். மாதத்துக்கு ஓவர்டைம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேராது. சாலைச் சந்திப்பில் வண்டி நிற்கும்போது நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நான்கு வாய் போட்டுக்கொள்வது இடைவேளையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர் என்ற பிரிவில் இருந்தால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையிலும், மற்ற ஊழியர்களுக்கு 2,600 வெள்ளி வரையிலும்தான் இந்த விதிகள் பொருந்தும். உங்களை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பின்னாளில் சம்பள உயர்வு 2,600ஐத் தாண்டும்போது அந்தப் பதில் தேவைப்படும்.

“வேலை எப்படிண்ணா இருக்கும்?”

சம்பளத்தைப் பேசி முடித்த பிறகுதான் தம்பி இதைக் கேட்டான். இதுதான் எனக்கு முக்கியம்.

995 அழைப்புகளுக்குப் போவது குடிமைத் தற்காப்புப் படை. தேசிய சேவையில் தம்பி பார்த்தது அந்த வேலை: மாரடைப்பு, சாலை விபத்து, மூச்சுத்திணறல். துணை மருத்துவர் முன்னால் நின்று முடிவெடுப்பார், இவன் பக்கத்தில் நின்று உதவுவான். தனியார் ஆம்புலன்சில் பெரும்பாலான நாள்களில் சைரனே கிடையாது. மருத்துவமனையிலிருந்து தாதிமை இல்லம், வீட்டிலிருந்து ரத்தச் சுத்திகரிப்பு நிலையம், பிறகு அங்கிருந்து வீடு. நடுவில் ஏதாவது ஓட்டப்பந்தயத்திலோ நிகழ்ச்சியிலோ கூடாரத்துக்குள் காத்திருப்பு.

பரபரப்பைத் தேடி வருபவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். போகாமல் இருப்பவர்களுக்கு வேறு ஏதோ பிடித்திருக்கிறது. எனக்கு அது ஒரு தாத்தா. வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். திரும்பும்போது துவண்டு கிடப்பார். ஆங்கிலத்திலும் மலாயிலும் யார் கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பார். நான் ஒரு நாள் “தாத்தா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த கதையை அன்று தொடங்கியவர், எட்டு மாதம் சொன்னார். மயக்கம் வருகிறது, கையில் ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்பதையும் என்னிடம்தான் சொன்னார். அதை நான் தாதியிடம் சொன்னேன். அதுவும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் அதற்குப் படி எதுவும் இல்லை.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. தூக்குவது, இறக்குவது, வாந்தி, மலம், கோபத்தில் கத்தும் உறவினர்கள், தீபாவளியன்று ஷிப்ட். கண்ணெதிரே ஒருவர் இறந்த பிறகு ஸ்ட்ரெச்சரைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது. இதைத் தம்பி ஏற்கெனவே பார்த்திருக்கிறான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் ஒருவரின் மார்பை அழுத்தி, பலிக்காமல் போன அன்று இரவு அவன் என்னிடம்தான் பேசினான். “இந்த வேலையே வேண்டாம்” என்று அன்று அவன் சொல்லவில்லை. அதனால்தான் இன்று உட்கார்ந்து கடிதம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திக்குத் தாதிமைப் படிப்பில் ஆசை. அதில் படிப்படியாக மேலே போக வழி தெளிவாக இருப்பது உண்மை. குடிமைத் தற்காப்புப் படையில் துணை மருத்துவராகச் சேர்வதும் நல்ல வழி. அது சீருடைப் பணி, உடல்தகுதி வேண்டும். தனியாரில் இஎம்டியாக நின்றுவிட்டால் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், என் அனுபவத்தில். இரண்டு ஆண்டு வேலை பார், ஆனால் அடுத்து என்ன படிப்பது என்பதை முதல் ஆண்டிலேயே முடிவுசெய் என்றேன்.

அங்கேயே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம். நான்கு கேள்விகள். எம்சி எடுத்தால் வருகைப் படி முழுதாகப் போகுமா, வேலையில் அடிபட்டாலும் போகுமா? ஓவர்டைம் எத்தனையாவது ஷிப்டிலிருந்து? இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய சிபிஆர், ஏஇடி சான்றிதழுக்கு யார் பணம் கட்டுவது? வருகைப் படியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்க முடியுமா? தம்பிக்குத் தயக்கம். “கேட்டால் வேலையைத் தர மாட்டாங்களோ?” என்றான். மரியாதையாகக் கேட்டதற்காக வேலையை மறுக்கும் இடம் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்றேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. வேலையில் அடிபட்டால் படி வெட்டப்படாது, சான்றிதழ்ச் செலவு நிறுவனத்துடையது, 12ஆவது ஷிப்டிலிருந்து ஓவர்டைம். கடைசிக் கேள்விக்கு மட்டும் “நேரில் பேசலாம்” என்று எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை போகிறான். என் வெள்ளைச் சட்டையைக் கேட்டிருக்கிறான். சித்தி இன்னும் இரண்டு வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.