எரவாணம் மூச்சு விடட்டுமே!

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் ஓட்டு வீட்டுப் பெண்களுக்கு இரட்டைச் சூடு. ஒன்று அடுப்புச் சூடு, இன்னொன்று கூரைச் சூடு. இதில் கூரைச் சூட்டை நாமே காசு கொடுத்துக் கூட்டிக்கொள்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் நாட்டு ஓடும் சீமை ஓடும் போட்ட பழைய வீடுகள் இன்னமும் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து என்று வீட்டைப் புதுப்பிக்கும்போது கொத்தனார் சொல்லும் முதல் வேலை என்ன தெரியுமா? "எரவாணத்து இடுக்கு வழியாத்தாம்மா எலி, அணில், பாம்பு எல்லாம் உள்ள வருது. சிமெண்ட் வச்சு அடைச்சுடலாம்" என்பார். சுவர்த்தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே கைமரங்களுக்கு இடையில் இருக்கும் அந்த இடுக்கு அடைபடும். அடுத்து, தூசி விழாமல் இருக்க தெர்மாகோலிலோ பிளாஸ்டிக் பலகையிலோ சீலிங் அடிப்பார்கள். பார்வைக்கு வீடு பளிச்சென்று இருக்கும். அடுத்த சித்திரையில்தான் தெரியும், ராத்திரி பதினோரு மணிக்கும் மின்விசிறி அனல் காற்றைத்தான் இறக்கும்.

காரணம் எளிது. வெயிலில் ஓடு காய்ந்ததும் அதன் அடியில் இருக்கும் காற்றும் சூடாகி மேலே மோட்டுப் பக்கம் ஏறும். எரவாண இடுக்கு திறந்திருந்தால் நிழலில் இருக்கும் வெளிக்காற்று கீழிருந்து உள்ளே நுழைந்து, அந்தச் சூட்டை ஓட்டுச் சந்துகள் வழியாக வெளியே தள்ளிவிடும். இடுக்கை அடைத்தால் சூடு அங்கேயே தங்கி, சாயங்காலம் வரை சேர்ந்து, ராத்திரி முழுக்க நம் தலைமேல் இறங்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூளைக்குள் சாமான்களை அடுக்கி, வாசலை அடைத்துத்தானே சூடேற்றுகிறார்கள்! அதையே நாம் வீட்டுக்குச் செய்யலாமா?

மழைக் காலத்தில் வேறு தொல்லை. நெல் அவிக்கும் ஆவி, குளிக்க வெந்நீர் போடும் ஆவி, ஓட்டில் ஊறும் ஈரம் எல்லாம் சீலிங்குக்கு மேலே போய் நிற்கும். காற்றாடாத மரத்தில் பூஞ்சை பூக்கும். ஈரம் கண்ட மரத்தைக் கரையானும் விடாது. மச்சில் வைத்த புளிப்பானையும் கொலு பொம்மைப் பெட்டியும் பூத்துப் போனால் திட்டு வாங்குவது யார்? நாம்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது புகை. கேஸ் வந்துவிட்டாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிக்காத வீடு கிராமத்தில் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போடுகிறோம், கொசுவுக்கு மூட்டம் போடுகிறோம். முன்பு இந்தப் புகையெல்லாம் எரவாணம் வழியாகக் கசிந்து போய்விடும். இப்போது போக வழியில்லை. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அடுப்பின் பக்கத்தில் அதிக நேரம் நிற்கும் பெண்களும், இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான் இந்தப் புகையை அதிகம் குடிக்கிறார்கள்.

சரி, எலிக்கும் பாம்புக்கும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிமெண்டுக்குப் பதில் வலை அடியுங்கள். கால் அங்குலக் கண் உள்ள இரும்புக் கம்பி வலை, துத்தநாகம் பூசியது, இரும்புக் கடையில் கிடைக்கும். பென்சில் பருமன் ஓட்டை இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். அதனால் கண் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கொசுவலை வேண்டாம், ஒரே வருஷத்தில் தூசி அடைத்துக்கொள்ளும். வலையைக் கைமரத்துக்குக் கைமரம் ரீப்பர் சட்டம் வைத்து ஆணி அடித்தால் போதும். குருவிக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதம் பொறுத்துவிட்டு அடியுங்கள், பாவம்.

காற்று வர வழி இருந்தால் மட்டும் போதாது, போகவும் வழி வேண்டும். பக்கச் சுவர் மோடு வரை முக்கோணமாக எழும் வீடாக இருந்தால், அதன் உச்சியில் ஒரு ஜாலி வைத்து உள்பக்கம் வலை அடிக்கலாம். சீலிங் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதற்கு மேலே காற்று ஓடும்படி இரண்டு பக்கமும் இடுக்கை விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் ஒரு ஊதுவத்தியை ஏற்றி, ஜாக்கிரதையாக இடுக்கின் அருகே பிடித்துப் பாருங்கள். புகை அசையாமல் நேராக நின்றால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"புயல் வந்தா காத்து உள்ள பூந்து ஓட்டைத் தூக்கிடுமே" என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைப் பார்த்த நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நாலு கரண்டி சிமெண்டை நம்பிக் கூரை நிற்காது. கைமரத்தைச் சுவர்த்தலை மரத்தோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். ஓர வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்ட வேண்டும். அடைக்கும் செலவை அதற்குப் போடச் சொல்லுங்கள்.

வீட்டு மராமத்துப் பேச்சு பெரும்பாலும் திண்ணையில் ஆண்களுக்கும் கொத்தனாருக்கும் நடுவே முடிந்துவிடுகிறது. காபி கொண்டுபோய்க் கொடுப்பதோடு நம் பங்கு சரி. ஆனால் பகலெல்லாம் அந்தக் கூரைக்கு அடியில் வேகிறவர்கள் நாம். கொத்தனார் கலவை குழைப்பதற்கு முன் "காத்து எந்த வழியா வரும், எந்த வழியா போகும்?" என்று இரண்டே கேள்வி கேட்டுவிடுங்கள் சகோதரிகளே. பதில் கிடைத்த பிறகு வேலை ஆரம்பிக்கட்டும்.

- ஒரு வாசகி, கருவேப்பிலங்குறிச்சி.