குட்டை வெட்டுவோர் கலிங்கை மறவற்க

கொங்கு நாட்டில் மழைக்கு ஏங்காத ஊர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கும் பூமி இது. கோயம்புத்தூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 65 முதல் 70 சென்டிமீட்டர்தான். அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மழைக்காக மன்றாடுகிறோம், வந்த மழையைச் சாலைச் சாக்கடைக்கு வழியனுப்பிவிட்டு, ஆயிரம் அடி ஆழத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறோம்.

இந்நிலை சற்றே மாறி வருவது கண்டு மகிழ்கிறோம். இல்லம் மந்திரிக்கவும் நோயாளிகளைச் சந்திக்கவும் செல்லும்போது, புழக்கடையிலும் தோட்டத்து மூலையிலும் புதிதாக வெட்டிய சிறு குட்டைகளைக் குடும்பத்தார் பெருமையுடன் காட்டுகின்றனர். எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம், மண்வாரி இயந்திரத்திற்கு எத்தனை மணி நேர வாடகை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். “குட்டை நிரம்பிய பின்னர் வருகிற நீர் எவ்வழியே செல்லும்?” என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். “நிரம்பட்டுமே சாமி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஓர் அன்பர். நிரம்பிய பின் பார்ப்பதற்கு அங்கே கரை இராது என்பதை அவருக்கு விளக்க அரைமணி நேரமாயிற்று. அதையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறோம்.

நம் முன்னோருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யலாற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி முதலிய தடுப்பணைகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, வரிசையாகக் குளங்களை அமைத்தனர். கிருஷ்ணாம்பதி நிரம்பினால் செல்வாம்பதிக்கு. அங்கிருந்து முத்தண்ணன் குளம் என்று மக்கள் வழங்கும் குமாரசாமிக் குளத்திற்கு. பிறகு செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் வரவாகச் செல்லும். ஆக, குளம் வெட்டியவர்கள் குழியை மட்டும் எண்ணவில்லை. வழிந்தோடும் வாயையும் சேர்த்தே எண்ணினர். அந்த வாய்க்குக் கலிங்கு என்று பெயர். ஆங்கிலேயப் பொறியாளர்களும் இதற்கு வேறு சொல் தேடாமல் ‘கலிங்குலா’ என்றே தங்கள் பதிவேடுகளில் எழுதிக்கொண்டனர். இன்று வாலாங்குளத்துக் கரையில் மாலையில் உலாவச் செல்வோரில் எத்தனை பேர் கலிங்கு எது என்று தேடிப் பார்க்கின்றனரோ, அறியோம்.

இனிக் குட்டைக்கு வருவோம். முதலில் மண். கரை போடும் மண்ணில் ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கிடையே கயிறு போல உருட்டிப் பாருங்கள். முறியாமல் விரல் பருமனுக்கு நீண்டால் அதில் களி இருக்கிறது; உதிர்ந்தால் நீரைத் தாங்காது. நம் பக்கத்துக் கரிசல் மண் நீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்புகளின் வழியே அடுத்த மழை புகுந்துவிடும். ஆதலின் கரிசலைக் கரையின் நடுவில் வைத்து, மேலே செம்மண்ணும் சரளையும் போர்த்துவது நலம். கரை எழும்பும் இடத்தில் புல்லையும் வேரையும் மேல்மண்ணையும் நீக்கிவிட்டு, நடுவே ஓர் அடி ஆழம் வாய்க்கால் போல வெட்டி, அதிலும் களிமண்ணையே நிரப்ப வேண்டும். மரத்திற்கு ஆணிவேர் போல இது கரையை நிலத்தோடு பிணைக்கும். அடியில் நீர் கசிவதையும் தடுக்கும். பின்னர் அரை அடிக்கு ஓர் அடுக்காக மண்ணைப் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்த பிறகே அடுத்த அடுக்கு. இயந்திரம் அள்ளிக் கொட்டிச் சென்ற மண்மேடு கரை ஆகாது.

பலர் வியப்புறும் ஒரு கணக்கு உண்டு. நான்கடி உயரக் கரைக்கு உச்சியில் நான்கடி அகலம் வேண்டும். இரு பக்கமும் ஓரடி உயரத்திற்கு இரண்டடி வீதம் சரிவு விட வேண்டும். அப்படியானால் அடிவாரத்தில் கரையின் அகலம் இருபது அடி. “கரைக்கே இத்தனை இடமா!” என்பார்கள். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் கரையைத் தாழ்த்தி, குழியை ஆழப்படுத்திக்கொள்ளலாம். செங்குத்தாகச் சுவர் போல மண்ணை நிறுத்தலாகாது. புதுமண் நாளடைவில் படியும். எனவே நினைத்த உயரத்திற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டியே போட வேண்டும்.

மழையின் கணக்கு இதனினும் முக்கியமானது. ஓர் ஏக்கர் தோட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் இரண்டு லட்சம் லிட்டர். அதில் கால் பங்குதான் குட்டையை நோக்கி ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பதாயிரம் லிட்டர். முப்பதடி நீளம், முப்பதடி அகலம், சராசரி இரண்டரை அடி ஆழமுள்ள குட்டை கொள்வதோ அறுபதாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். முதல் மழை ஏறத்தாழ நிரப்பிவிடும். மறுநாளும் அதே மழை ஒரு மணி நேரத்தில் பெய்தால், நொடிக்குப் பதினான்கு லிட்டர் வீதம் வரும் நீருக்கு வெளியேற வழி வேண்டும். நூறடிக்கு ஓரடி சரிவாகப் பதித்த நான்கங்குலக் குழாய் நொடிக்கு ஆறு லிட்டர் அளவே கடத்தும். ஆறங்குலக் குழாய் ஏறக்குறைய அதன் மும்மடங்கு. குழாயில் இரண்டங்குலம் மிச்சம் பிடிப்பவர் கரையையே பணயம் வைக்கிறார்.

குழாயின் வாய், கரையின் உச்சிக்கு ஒன்றரை அடி கீழே இருக்கட்டும். கரையைத் துளைத்துச் செல்லும் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் கசிந்து, நாளடைவில் எலிவளை போல வழி உண்டாக்கும். இதைத் தடுக்க, குழாயின் நடுவில் இரண்டோரிடத்தில் காங்கிரீட்டால் சதுரப் பட்டை ஒன்றைக் கழுத்துப்பட்டி போலக் கட்டி, சுற்றிலும் களிமண்ணைக் கையால் இடித்து நிரப்ப வேண்டும். வெளியே நீர் விழும் இடத்தில் கருங்கல் பாவாவிடில், விழும் நீரே கரையின் பாதத்தைத் தோண்டிவிடும்.

குழாய் மட்டும் போதாது. தென்னை மட்டையும் இலைச் சருகும் அதன் வாயை அடைக்கும் நாள் வரும். அது பெருமழை நாளாகவே இருக்கும். ஆகையால் கரையின் ஓர் ஓரத்தில், போட்ட மண்ணில் அன்று, இயற்கையான கெட்டி நிலத்தில், குழாய் வாய்க்கு அரை அடி மேலாக, நான்கைந்து அடி அகலத்தில் ஒரு தாழ்வான வழி விட்டு அறுகம்புல் வளர்க்க வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அது சும்மாவே கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதை மேடாக்கி நீரை இன்னும் அரை அடி தேக்க ஆசை வரும். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாக நட்ட கற்களைக் கண்டிருப்பீர்கள். மழைக்காலம் முடியும் வேளையில் அவற்றினிடையே மண்ணும் புல்லும் அடைத்துச் சற்றுக் கூடுதலாக நீர் தேக்குவர்; வெள்ளம் வருமுன் அகற்றிவிடவும் வேண்டும். அந்த இரண்டாம் பாதியைத்தான் ஆசை மறக்கச் செய்கிறது.

ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே, மலையிடையே மண்ணாலான ஓர் அணை இருந்தது. அதன் அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் ஒருவர் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். பின்னர் அதை வாங்கிய செல்வந்தர் சங்கத்தார் அக்குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. வண்டிகள் செல்ல வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். தாங்கள் வளர்த்த மீன்கள் தப்பிவிடாதிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பித்தடுப்பு வைத்தனர். 1889 மே 31 அன்று பெருமழையில் அத்தடுப்பில் குப்பை அடைத்துக்கொள்ள, நீர் கரைமேல் ஏறிப் புரண்டு அணையை அரித்துத் தள்ளியது. இறந்தவர்கள் 2,209 பேர். நம் நாட்டிலும் 1979 ஆகஸ்டு 11 அன்று குஜராத்தில் மச்சூ அணையின் மண்கரை, கலிங்கு கடத்தக்கூடியதற்கு மிஞ்சிய வெள்ளத்தில் கரைந்து, மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அவை பேரணைகள், நம்முடையது புழக்கடைக் குட்டை என்று தள்ளிவிட வேண்டாம். மண்கரையின் மேல் நீர் ஏறினால் கரை கரையும் என்பது அளவைப் பொறுத்ததன்று. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கோவைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையைவிட அதிகமாக, ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது. அத்தகைய மழையை எந்தக் குழாயும் தாங்காதுதான். எனினும் ஐந்து சென்டிமீட்டருக்கே உடையும் கரையை அதனோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்ளலாகாது.

மிச்ச நீர் எங்கே போய் விழுகிறது என்பது பொறியியல் மட்டும் அன்று. அயலாரோடு உள்ள உறவும்கூட. வரப்புத் தகராற்றில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியர் எத்தனை பேர் என்பது நம் ஊர்களில் பங்குத் தந்தையாக இருந்தவர்க்குத் தெரியும். நம் குழாயின் நீர் அடுத்தவர் மஞ்சள் காட்டில் பாயக் கூடாது. அது பழைய பள்ளத்திற்கோ, பொது வாய்க்காலுக்கோ, நம் கிணற்றருகே வெட்டிய உறிஞ்சு குழிக்கோ போய்ச் சேர வேண்டும். கடைக்கால் போடுமுன்னரே பக்கத்துத் தோட்டத்தாரை அழைத்து இடத்தைக் காட்டிவிடுதல் நன்று. ஓடைப் புறம்போக்கில் கரை போடுவது குற்றம். நம் நிலத்தில் விழும் மழையைத் தேக்குவதோடு நிறுத்திக்கொள்க. ஐயம் இருப்பின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கரைமேல் வேம்பும் புளியும் வைக்காதீர்கள். வேர் பெருத்துக் கரையைப் பிளக்கும்; மரம் பட்டபின் வேர் மக்கிய வழியே நீர் புகும். வெட்டிவேரும் அறுகும் போதும்.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. இரண்டரை அடி நீர் ஒரு சிறுவனுக்கு அதிகம். குட்டையினுள் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தால் இன்னும் ஆபத்து. பாசி படிந்த விரிப்பில் கால் வைத்தவர் பெரியவரேயாயினும் ஏறி வருவது அரிது. சுற்றிலும் வேலி, பூட்டக்கூடிய படல், ஒரு பக்கம் கல்படி, கரையிலிருந்து நீருக்குள் தொங்கும் முடிச்சிட்ட கயிறு ஆகிய இவற்றின் செலவையும் குட்டையின் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆண்டுதோறும் புரட்டாசி முடியுமுன் ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். கரையில் எலிவளை, நண்டுவளை இருந்தால் தோண்டிக் களிமண் இட்டு இடியுங்கள். குழாய் வாயிலுள்ள கம்பிக்கூண்டைக் கழற்றிச் சருகை அள்ளுங்கள். பிறகு குழாய் வாயில் நான்கு குடம் நீர் ஊற்றி, மறுமுனையில் ஒரு பிள்ளையை நிறுத்தி, “வருகிறதா?” என்று கேளுங்கள்.