தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை ஆகியவற்றின் சார்பில் மலைப் பகுதிகளுக்கு முகாம் செல்லும் மாணவர்கள் பலர் உண்டு. சில மணி நேரம் ஏறியதும் கையில் கொண்டு சென்ற நீர் தீர்ந்துவிடுகிறது. எதிரே பாறைகளுக்கிடையில் பளிங்கு போன்ற ஓர் ஓடை. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். இந்நீரை அப்படியே அள்ளிக் குடிக்கலாமா?

கூடாது. ஓடையின் மேற்பகுதியில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு மானின் உடல் அழுகிக் கிடக்கலாம். கால்நடைகளின் சாணம் கலந்திருக்கலாம். நீரின் தெளிவு வேறு, தூய்மை வேறு. இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு.

1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் பிராட் தெரு என்னுமிடத்தில் காலரா பரவியது. பத்தே நாட்களில் சுமார் 500 பேர் மாண்டனர். அத்தெருவின் அடிகுழாய் நீரே காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் காட்டினார். அந்நீர் சுவையானது என்று பெயர் பெற்றது! சில மைல் தொலைவில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, அதன் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்து வந்தார். அவரும் காலராவுக்குப் பலியானார். கண்ணும் நாக்கும் நீரின் தூய்மையை அளக்கும் கருவிகள் அல்ல என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மூன்று வகை மாசுகள்

நீரிலுள்ள மாசுகளை அளவைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மண், களிமண் போன்ற மிதக்கும் துகள்கள். இரண்டாவது, நுண்ணுயிர்கள். காலரா பாக்டீரியாவின் தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரான்தான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஒருவகை மஞ்சள்காமாலையை உண்டாக்கும் வைரஸ் அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் சிறியது. மூன்றாவது, நீரில் கரைந்துள்ள உப்புகள். ஒரு வகையை நீக்கும் முறை மற்றொன்றை நீக்காது. இதை மறப்பதால்தான் தவறு நேர்கிறது.

படிய வைத்தலும் வடிகட்டலும்

கலங்கிய நீரை அசையாமல் வைத்தால் தெளிகிறது. ஆனால் எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் படிவதில்லை. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், படியும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். இது ஸ்டோக்ஸ் விதியின் விளைவு. 20 மைக்ரான் விட்டமுள்ள வண்டல் துகள் 10 செ.மீ. ஆழம் இறங்கச் சுமார் 5 நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கோ ஒரு நாளுக்கும் மேலாகும்! ஆகவே நுண்ணிய துகள்களை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்க வேண்டும். படிகாரம் இதைத்தான் செய்கிறது. நம் கிராமங்களில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைப்பதன் பயனும் இதுவே.

துணியால் வடிகட்டினால் என்ன? பருத்தித் துணியின் இழைகளுக்கிடையிலுள்ள துளை நூறு மைக்ரான் அளவில் இருக்கும். காலரா பாக்டீரியா அதன் வழியே தாராளமாகப் புகுந்துவிடும். இருப்பினும் துணி பயனற்றதன்று. அப்பாக்டீரியாக்களில் பல, நீரில் வாழும் மிகச் சிறிய பூச்சி போன்ற உயிர்களின் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியபோது அவ்வுயிர்கள் சிக்கிக்கொண்டன. இவ்வாறு செய்த வங்கதேசக் கிராமங்களில் காலரா பாதியளவு குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் குழுவினரின் ஆய்வு 2003இல் தெரிவித்தது. பாதிதான் குறைந்தது, முற்றிலும் ஒழியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வறண்ட ஆற்றில் நீர்

ஓடையே இல்லாவிட்டால் பள்ளமான இடங்களைத் தேட வேண்டும். வரிசையாக நிற்கும் மருத மரங்கள் அங்கே நீரோட்டம் உண்டு என்பதற்கு அறிகுறி. புறா போன்ற தானியம் தின்னும் பறவைகள் நாள்தோறும் நீர் அருந்தியாக வேண்டும். அவை கூட்டமாகச் செல்லும் திசையும் வழிகாட்டும்.

வைகை, பாலாறு போன்ற ஆறுகள் வறண்ட காலத்திலும் மணலில் ஊற்றுத் தோண்டி மக்கள் நீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொளுத்தும் வெயிலில் மணலுக்கடியில் நீர் எப்படித் தங்குகிறது? மேல் மணல் காய்ந்ததும், மணல் இடுக்குகள் வழியே நீர் மேலேறும் நுண்புழைத் தொடர் அறுந்துவிடுகிறது. காய்ந்த மணல் வெப்பத்தையும் எளிதில் கடத்துவதில்லை. ஆகவே அம்மணலே கீழுள்ள நீருக்கு மூடியாக அமைகிறது. ஆற்று வளைவின் வெளிப்புறக் கரையை ஒட்டித் தோண்டினால் நீர் கிடைக்க வாய்ப்பு அதிகம். முழங்கால் ஆழத்துக்குமேல் தோண்ட வேண்டாம், மணல் சரியக்கூடும். யானைகளும் இவ்வாறே தோண்டி நீர் அருந்துகின்றன. அவை நடமாடும் காடுகளில் மாலைப்பொழுதில் ஆற்றுப்படுகைக்குச் செல்லாதீர்கள்.

கொதிக்க வைத்தல்

நுண்ணுயிர்களைக் கொல்ல மிக நம்பகமான வழி இதுவே. உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் சுமார் 92° சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாகும். கிருமிகள் சாகத் தாமதமாகுமா? அஞ்ச வேண்டாம். நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை 70 டிகிரியிலேயே விரைவில் மடிகின்றன. நன்கு தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடமும் வைத்தால் போதும்.

அதற்கு மேல் கொதிக்க விடுவது விறகுக்குக் கேடு. 25 டிகிரியிலுள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 75 கிலோ கலோரி வெப்பம் போதும். அதை முழுவதும் ஆவியாக்கவோ மேலும் 540 கிலோ கலோரி வேண்டும்!

விறகு கிடைக்காத இடத்தில் குளோரின் மாத்திரை உதவும். உறையில் குறித்த அளவு போட்டு, அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கலங்கல் நீரில் உள்ள கழிவுப் பொருள்களே குளோரினைத் தின்றுவிடும். ஆகவே முதலில் தெளிய வைக்க வேண்டும். சில ஒற்றைச் செல் உயிரிகள் குளோரினுக்கு எளிதில் மசியா.

நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் கிடத்தி வைப்பது மற்றொரு முறை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கிருமிகளை அழிக்கின்றன. பெய்ரூட் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்டிம் அக்ரா குழுவினர் 1980களில் இதை ஆராய்ந்தனர். வானம் மேகமூட்டமாயின் 2 நாட்கள் வைக்க வேண்டும்.

உப்பு நீர்

இம்முறைகளில் எதுவும் உப்பை நீக்காது. கொதிக்க வைத்தால் நீர் குறைந்து உப்பின் செறிவு கூடவே செய்யும். காய்ச்சி வடித்தலே வழி. 1965இல் ஜாக்சன், வான் பாவெல் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் பாலைவனத்துக்கென ஓர் எளிய முறையை வெளியிட்டனர். குழி தோண்டி, நடுவில் பாத்திரம் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, தாளின் நடுவில் ஒரு கல்லை வைக்க வேண்டும். மண்ணின் ஈரம் ஆவியாகித் தாளில் படிந்து, பாத்திரத்தில் சொட்டும்.

எவ்வளவு நீர் கிடைக்கும்? நல்ல வெயில் நாளில் 1 சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 4,300 கிலோ கலோரி. அதைக் கொண்டு 7 லிட்டர் நீரை ஆவியாக்கலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் பெரும்பகுதி மண்ணுக்கும் காற்றுக்கும் போய்விடுவதால், வறண்ட மண்ணில் 1 லிட்டர் கிடைப்பதே அரிது. உச்சி வெயிலில் குழி தோண்டுபவர் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு வியர்வையை இழந்துவிடலாம்! வெயில் தாழ்ந்தபின் தோண்டினால்தான் வரவு செலவைவிட மிகும்.

ஆகவே வரிசை இதுதான்: தெளிய வை, வடிகட்டு, பின் கிருமியைக் கொல். உப்பு நீராயின் காய்ச்சி வடி. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அசுத்த நீரால் வரும் நோய் தலைகாட்டப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும்; அதற்கு மருத்துவமும் உண்டு. கடும் வெயிலில் நீரிழப்போ ஒரே நாளில் உயிரைப் பறித்துவிடும். சுத்தம் செய்ய ஒரு வழியும் இல்லாமல், ஒருவர் தாகத்தால் மயங்கும் நிலையில் இருந்தால், கிடைத்த நன்னீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் விரைவதே அறிவுடைமை. கடல்நீரை மட்டும் எந்நிலையிலும் கொடுக்கக் கூடாது. அதன் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்க நேரிடும்.